பத்திரிகையில் வந்த ஆமாங்க

என் வீட்டுக்காரர் சொன்ன ஒரேயொரு ‘ஆமாங்க’வைப் பற்றி மூன்று பத்திரிகைகளில் எழுதிவிட்டார்கள். நாங்கள் கண்டது ஒன்றைத்தான். நாங்கள் கண்ட அதே நாளில் எங்கள் காணிக்காரர் ரோஹண மாத்தயாவும் கண்டுவிட்டார். எங்களுக்கு அதுதான் வினையாகப் போனது.

அன்றைக்கு நான் பருப்பு வாங்க றம்ஸீன் நானாவின் கடைக்குப் போயிருந்தேன். அரநாயக்கப் பாதையில் பஸ் திரும்புகிற வளைவில் இருக்கிறது அவருடைய கடை. என்னைக் கண்டதும் மேசைக்கு அடியிலிருந்து வாரப் பத்திரிகையை எடுத்து விரித்தார்.

“கலா, இங்க வாங்க. ஒங்கட மனுசன் பேப்பர்ல ஈக்காரு.”

“பொலிஸ் விசயமா நானா?”

“சீச்சீ. விமர்சனம். பெரிய எடத்துச் சங்கதி. படத்தப் பாருங்களேன், மாப்பிள்ள மாதிரி நிக்கிறாரு.”

மாப்பிள்ளை மாதிரி எங்கே நிற்கிறார்? ரப்பர் பால் வாளி இரண்டையும் காலடியில் வைத்துக்கொண்டு, சேட்டு பட்டன் ஒன்று திறந்து கிடக்கக் குனிந்து நிற்கிறார். கீழே எழுதியிருந்ததை நான் மெதுவாக வாசித்தேன். நானா அதுவரைக்கும் அடுத்த ஆளுக்குச் சீனி நிறுத்துக் கொடுத்தார்.

‘கெசட் காலம்’ என்று டீவியில் ஆறு பாகமாக ஒரு தொடர் போகிறது. நம் நாட்டில் கெசட் நாடாவில் ஓடிய பொப் பாட்டும் ஆட்டத்துக்கான பைலாப் பாட்டும் எப்படி வந்தன, யார் பாடினார்கள், எந்த மெட்டு எங்கேயிருந்து வந்தது என்று காட்டுகிற தொடர். அதைப் புகழ்ந்து கேகாலையில் இருக்கும் நஸீம் சேர் முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதில் ஒரு துண்டைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்:

‘இந்த மெட்டு உங்களிடமிருந்து திருடப்பட்டதுதானே என்று கேட்டதும் அந்தத் தொழிலாளி உடனே வாய் திறப்பதில்லை. தலை குனிந்து மண்ணைப் பார்க்கிறார். அந்த மௌனத்துக்குள் ஒரு சமூகத்தின் இருநூறு ஆண்டுகள் இருக்கின்றன. பிறகு ஒரே சொல்: ஆமாங்க. மொத்தத் தொடரின் உச்சம் அதுவே.’

“மண்ணையா பாத்தாரு?” என்றேன். “வாளியல்ல பாத்தாரு.”

“வாளியோ மண்ணோ, ஆள் பேமஸ் ஆகிட்டாரு” என்றார் நானா. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா புள்ள, ரோஹண மாத்தயாட மச்சானும் காலையில இங்க நின்டு போன்ல இதத்தான் பாத்துக்கிட்டு நின்டாரு. அவ்வளவு நல்லால்ல அவர்ட மொகம்.”

பருப்பை வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

அந்தப் பாட்டு என்னவென்று சொன்னால்தான் எங்கள் பயம் விளங்கும். மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு போகிற ஒரு பெண்ணைப் பற்றிய சிங்களப் பைலாப் பாட்டு அது. எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஒரு தடவையாவது போடுவார்கள். பாடியவர் விமலதாச என்பவர், எங்கள் பக்கத்துக் கிராமத்து ஆள். பாட்டு வருவதற்கு முன்னால் அவரும் எஸ்டேட்டில் பால் வெட்டியவர்தான். என் மாமனார் இராமசாமி அப்போது காமன் கூத்தில் பாடுகிறவர். விமலதாச கூத்துப் பார்க்க வந்து, தப்படிக்கிறவர்களோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பாராம். டீவிக்காரர்கள் முதலில் கோயிலடியில் கிழவர்களைக் கூத்துப் பாட்டுப் பாடவைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். உடனே அதற்குப் பின்னால் மஞ்சள் குடைப் பாட்டைப் போட்டு, இரண்டு மெட்டும் ஒன்றுதானே என்று காட்டுகிறார்கள். கேட்டால் ஒன்று மாதிரிதான் இருக்கிறது. அது உண்மை.

விமலதாச செத்து வெகுகாலம். அவருடைய மகன்தான் ரோஹண மாத்தயா. அவருடைய ரப்பர் காணியைத்தான் நாங்கள் இரண்டு பேரும், பட்டை கீறிப் பால் எடுத்து, பாதிப் பங்குக்கு வெட்டுகிறோம். நாங்கள் இருக்கிற வீடும் அந்தக் காணியின் அடிவரம்பில்தான் நிற்கிறது. மலை சரிந்த வருசம் எஸ்டேட் லய வீட்டில் இனி இருக்கக்கூடாதென்று எங்களை எழுப்பிவிட்டபோது, ரோஹண மாத்தயாவின் அம்மா கூப்பிட்டு, “இந்த மூலையில ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளுங்க” என்று வாயால் சொன்னார். கொட்டிலைக் கல் வீடாக்கினோம். அந்த அம்மா போன வருசம் கண்ணை மூடிவிட்டார். அவர் வாயால் சொன்னதைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

“நான் என்னத்தச் சொன்னேன்?” என்றார்.

“திருடினதுதானேன்னு கேட்டதுக்கு ஆமாங்கன்னு சொல்லியிருக்கீங்க.”

“அந்தப் பொம்பளப் புள்ள எத்தன கேள்வி கேட்டுச்சு! எதுக்குச் சொன்னேனோ யாரு கண்டா?”

படம் பிடித்த அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். மழை கறுத்துக்கொண்டு வந்தது. வாளி இரண்டும் நிறையப் பால். கொஞ்சம் சுணங்கினால் வாளியிலேயே பால் உறைந்து ஒட்டுப்பாலாகிப் போகும், ஒரு நாள் வெட்டு வீண். வேனிலிருந்து இறங்கிய அந்தக் கொழும்புப் பிள்ளை மரியாதையான பிள்ளைதான். ஒவ்வொரு தடவையும் “இன்னும் ஒரே கேள்விங்க ஐயா” என்றது. உங்க அப்பா கூத்தில் பாடினாரா? ஆமாங்க. விமலதாச வருவாரா? ஆமாங்க. உங்களுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்குமா? ஆமாங்க. இப்படியே போனது. கால்சட்டையும் கையில் தாளுமாக எவர் வந்து நின்றாலும் எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். கணக்கப்பிள்ளைக்கும் அதுதான், துரைக்கும் அதுதான், வோட்டுக் கேட்டு வருகிறவனுக்கும் அதுதான். அதைப் பதில் என்று நாங்கள் நினைப்பதில்லை. கொஞ்சம் வழி விடுங்கள் என்று சொல்வதுதான் அது.

பொழுது சாய்வதற்குள் ரோஹண மாத்தயா வந்துவிட்டார். எப்போதும் மேலே நின்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து வாசலில் நின்றார். நான் பலகையை எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை. போனை நீட்டினார். அதில் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அதன் கீழே சிங்களத்தில் ஆட்கள் திட்டித் தள்ளியிருந்தார்கள். சிலர் எங்களைத் திட்டியிருந்தார்கள். சிலர் செத்துப்போன அவருடைய அப்பாவையே திட்டியிருந்தார்கள்.

அவர் பேசியது சிங்களம்தான். எங்களுக்கும் அது பழகிய பேச்சு.

“கிருஷ்ணா, என் அப்பா கள்ளனா?”

“நே மாத்தயா” என்றார் வீட்டுக்காரர். இல்லை என்று.

“டீவிக்கு ஒரு பேச்சு, எனக்கு ஒரு பேச்சா?”

இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என் மகள் பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டு வந்திருக்கிறாள். அப்பா எங்களுக்கு விட்டுப்போனது இந்த ரப்பரும் அந்தப் பாட்டும்தான். பாட்டால் ஒரு சதம் வரவில்லை. பேர் மட்டும் இருந்தது. அதையும் நீ எடுத்துக் கொடுத்துவிட்டாய்.”

“மாத்தயா, அன்னைக்கு மழை...” என்று நான் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஞாயிற்றுக்கிழமை கேகாலையில் இந்தத் தொடரைப் பற்றிக் கூட்டம். எழுதுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உன்னையும் கூப்பிடுவார்கள். நீ மேடையில் ஏறி, அது விமலதாச சொந்தமாகப் போட்ட மெட்டு, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கத்தியை என் கையில் கொடு. வீட்டுக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோபத்தில் சொன்னது என்று ஆறுதல்பட்டிருப்போம். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் மரம் வெட்டிக்கொண்டே வீட்டுக்காரரிடம் கேட்டேன். நான் ஒரு வரிசை, அவர் பக்கத்து வரிசை. ரப்பருக்குள் பனி இறங்கிக் கிடந்ததால் ஆள் தெரியவில்லை, சத்தம்தான் வந்தது.

“இந்தாங்க, நெசத்தச் சொல்லுங்க. யாரு போட்ட மெட்டு அது?”

“எனக்கென்னா தெரியும் புள்ள? அந்தப் பாட்டு வர்றப்ப நான் தொட்டில்ல கெடந்தேன்.”

“மாமா ஒண்ணும் சொல்லலியா?”

“அப்பா ரேடியோவுல அது வந்தா சத்தத்தக் கூட்டச் சொல்லுவாரு. தொடையில தாளம் போடுவாரு. களவாண்டுட்டான்னு நெனைக்கிற மனுசன் சத்தத்தக் கூட்டச் சொல்லுவானா?”

“நம்ம மெட்டு ரேடியோவுல வருதேங்கிற பெருமையிலயும் கூட்டச் சொல்லலாமே.”

“அதத்தான் சொல்றேன். தெரியாது.”

“அப்ப மேடையில ஏறி தெரியாதுன்னே சொல்லுங்களேன்.”

கத்திச் சத்தம் நின்றது.

“அப்புடிச் சொல்லிப் பழகலியே நானு” என்றார்.

நடுவாரத்தில் நஸீம் சேர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வழுக்குப் பாதையில் தள்ளிக்கொண்டு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். நல்ல மனுசன். வீட்டுக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணன், உங்க ஒரு சொல்லுக்கு எவ்வளவு பாரம் தெரியுமா? ஆங்கிலப் பேப்பர்ல கூட எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பொன்னாடை போர்த்தணும்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

“எதுக்குங்க சேர் அதெல்லாம்?”

“எதுக்கா? சிங்களப் பத்திரிகை ஒண்ணுல, இந்தத் தொடர் இனவாதம் கிளப்புது, காசு குடுத்து ஆள் பேச வச்சிருக்காங்கன்னு எழுதிட்டாங்க. இப்ப நீங்க வந்து இன்னொரு தடவை சொன்னாத்தான் அந்த வாய் அடங்கும். நீங்க பின்வாங்கினா எங்க எல்லாருக்கும் பொய்யன்னு பேர் வரும். மலையகத்துப் பாட்டப் பத்தி இனி ஒருத்தனும் படமெடுக்க மாட்டான்.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

“சேர், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு மழை வந்துச்சு. வாளியில பால் உறையிற நேரம். இவரு சீக்கிரம் போகணும்னு சும்மா ஆமாங்கன்னு சொன்னாரு. குனிஞ்சு பாத்தது பாலத்தான்.”

சேர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“வாளியில் உறைகிற பால்” என்று மெதுவாகச் சொன்னார். “அக்கா, இதவிட அழகா யாரும் சொல்ல முடியாது. நான் இத எழுதிக்கிறேன்.”

“அழகுக்குச் சொல்லல்லீங்க சேர். பால் உறைஞ்சிரும்ங்க.”

“விளங்குது அக்கா, விளங்குது” என்று எழுதிக்கொண்டார்.

ரோஹண மாத்தயா சொன்னதை அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அதையும் எழுதுவார். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டும் சாரமும் உடுத்த வைத்து இவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலியில் ரோஹண மாத்தயா உட்கார்ந்திருந்தார். நாங்கள் கும்பிட்டோம். தலையை அசைத்தார், அவ்வளவுதான். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். இவரை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

விளக்கை அணைத்துவிட்டு அந்தத் துண்டைப் பெரிய திரையில் போட்டார்கள். சுவர் அளவுக்கு என் வீட்டுக்காரர். கேள்வி வந்தது. அவர் குனிந்தார். வாளியைத் திரைக்கு வெளியே வெட்டிவிட்டிருந்தார்கள். எங்கே பார்க்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ‘ஆமாங்க’ வந்தபோது எனக்குப் பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்தாள்.

விளக்குப் போட்டதும் எழுதுகிறவர்கள் பேசத் தொடங்கினார்கள். சிங்களத்து ஐயா ஒருவர், மெட்டுக்கு வேலி கிடையாது, காற்று மாதிரி ஊர்விட்டு ஊர் போகும் என்றார். காற்றுக்குப் பேர் போட்டு கெசட் விற்றது யார் என்று தமிழ்க் கவிஞர் ஒருவர் எழும்பினார். தொடரில் வெளிச்சம் சரியில்லை, மூன்றாம் பாகம் நீளம் என்றார் இன்னொருவர். அந்தக் கொழும்புப் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. ரோஹண மாத்தயா அசையவே இல்லை.

கடைசியில் நஸீம் சேர் இவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

“அண்ணன், சபையில எல்லாரும் கேக்கட்டும். அந்த மெட்டு உங்க மக்கள்கிட்ட இருந்து எடுக்கப்பட்டதுதானே?”

இவர் ரோஹண மாத்தயாவைப் பார்த்தார். சேரைப் பார்த்தார். சேர் கால்சட்டை போட்டிருந்தார், கையில் தாள் இருந்தது.

“ஆமாங்க.”

மண்டபம் கைதட்டியது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வீடு போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் சட்டி முட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ரோஹண மாத்தயா எழும்பினார். கைதட்டல் அடங்கும்வரை நின்றார். பிறகு சிங்களத்தில், வீட்டில் பேசுகிற மாதிரியே கேட்டார்.

“கிருஷ்ணா, அது என் அப்பா சொந்தமாகப் போட்ட மெட்டுத்தானே?”

“ஒவ் மாத்தயா.”

சிங்களத்தில் ஆமாம் என்று. மைக் வழியாக அதுவும் நன்றாகக் கேட்டது.

பிறகு பின்னாலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான். அது பரவியது. “ரெண்டு பக்கமும் கோல் போடுறாரே!” என்றான் ஒரு பையன். மேடையில் இருந்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பொன்னாடையோடு நடுவில் நின்றார். அவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. கேட்டவர்கள் இருவருக்கும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அவருடைய கண் என்னைத் தேடியது.

நான் எழும்பினேன். என்னிடம் மைக் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, அதுவே போதும்.

“சிரிக்காதீங்க!” என்றேன். அடங்கினார்கள். “அந்த மெட்டு யாரு போட்டதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. இவரு அப்ப பச்சப் புள்ள. தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்க. நீங்க கேட்டீங்க, இவரு ஆமான்னாரு. அவரு கேட்டாரு, ஒவ்னாரு. நீங்க மூணாவதா ஒண்ணக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாரு. இதத் தூக்கிப் பேப்பர்ல போட்டா நாங்க என்னா செய்யிறது?”

அதையே சிங்களத்திலும் சொன்னேன். ரோஹண மாத்தயா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை.

அத்தோடு உட்கார்ந்திருப்பேன். நஸீம் சேர் மைக்கைத் தூக்கிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

“அக்கா, பயப்படாமச் சொல்லுங்க. உங்கள யாராவது மிரட்டினாங்களா?”

மண்டபத்தில் உள்ள அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரே ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. ரோஹண மாத்தயா முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருடைய பின்கழுத்து சிவந்துகொண்டு வந்தது. ஆம் என்றால் வீடு போகும். இல்லை என்றால் அதுவும் இன்னொரு ‘ஆமாங்க’தான். நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்தது. கத்தியைக் கொடுப்பதா, மரத்துக்குப் போவதா? இவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“அவரு வந்து கேட்டாக் குடுப்போம். கேக்கும் மட்டும் வெட்டுவோம்” என்றேன்.

வெட்டினோம். பாலைக் கொண்டுபோய், அதைத் தகடாக்குகிற ரோலர் கொட்டிலில் வைத்தோம். எப்போதும் வந்து நிறுக்கிற ரோஹண மாத்தயா வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. மேலே அவர் வீட்டு ஜன்னல் சீலை அசைந்தது, அவ்வளவுதான். வாரம் முழுக்க அப்படியே போனது. முன்னால் வந்து ஏசினால் பதில் சொல்லலாம், கும்பிடலாம், அழலாம். மூடிய கதவுக்கு என்ன செய்வது? இவருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்டும்போது கை தவறி ஒரு மரத்தில் பட்டையைத் தாண்டி ஆழமாகக் காயப்படுத்திவிட்டார். முப்பது வருசத்தில் அவர் அப்படி வெட்டி நான் கண்டதில்லை.

அடுத்த பத்திரிகை வந்தது. றம்ஸீன் நானா இந்தத் தடவை கூப்பிட்டுக் காட்டவில்லை. நானாகக் கேட்டேன்.

“வேணாம் கலா. வாசிச்சு என்னத்துக்கு?”

“தாங்க நானா.”

மண்டபத்தில் நடந்ததை நஸீம் சேர் எழுதியிருந்தார். தலைப்பு ‘இரண்டாவது மௌனம்’. தொழிலாளியின் மனைவியிடம் மிரட்டினார்களா என்று கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் அமர்ந்தார், அந்த மௌனமே பதில் என்று இருந்தது. பேர் போடவில்லை. ‘காணி உரிமையாளரின் நிழல்’ என்று போட்டிருந்தார். நம் பக்கத்தில் யாருக்குப் பேர் வேண்டும்? வாளியில் உறைகிற பால் என்று ஒரு வரியும் இருந்தது.

“இவங்க பேசினாலும் எழுதுறாங்க, பேசாட்டியும் எழுதுறாங்க” என்றார் நானா. “நீங்க ரெண்டு நாளைக்கு எங்கட பின்னறையில வந்து இரிங்களேன். அவர்ட கோவம் ஆறட்டும்.”

“வீட்ட விட்டு இறங்கினா திரும்ப ஏற விட மாட்டாங்க நானா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குப் பால் ஊற்றிவிட்டு நாங்கள் திரும்பும்போது ரோஹண மாத்தயா கொட்டில் வாசலில் நின்றார். கையில் அந்தப் பத்திரிகை இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாது அவருக்கு. யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். தாடி மழிக்காமல் இருந்தார்.

“கிருஷ்ணா” என்றார். “ஊர் முழுக்க என்னைச் சண்டியன் என்கிறது. இங்கே மைக் இல்லை, கெமரா இல்லை. கேட்கிறேன், சொல். நான் உன்னை மிரட்டினேனா?”

அவருக்கு வேண்டிய பதில் இல்லை என்பதுதான். இவரும் அதைத்தான் சொல்லுவார், கேட்கிறவர் காதுக்கு எது சுகமோ அதைத்தான் சொல்லிப் பழக்கம். சொல்லட்டும், வீடு நிற்கும் என்று ஒரு மனம் கெஞ்சியது. சொன்னால் இந்த மனுசனை இனி நான் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று இன்னொரு மனம்.

இவர் வாளியைக் கீழே வைத்தார். கையைக் கட்டவில்லை.

“மெரட்டினீங்க மாத்தயா” என்றார் சிங்களத்தில். “கத்தியக் குடுன்னீங்க. வீட்ட விடுன்னீங்க. அது மெரட்டு இல்லாட்டி வேற என்னா?”

“அப்படியென்றால் அவர்கள் எழுதியது சரி.”

“அத எழுதினது சரி. மெட்டப் பத்தி எழுதினது சரியில்ல. அது எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு ஆமான்னு சொன்னது என் பெழ.”

ரோஹண மாத்தயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று நான் ஓரெட்டு முன்னால் வந்தேன். அவர் பத்திரிகையை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க முடியவில்லை.

“எனக்கும்தான் தெரியாது” என்றார் கடைசியில். “கேட்டு வைக்கவில்லை. கேட்க ஒரு நாளும் தோன்றவில்லை.”

பிறகு வேறு குரலில், கூலி பேசுகிற குரலில் சொன்னார். “மரத்தை நீங்களே வெட்டுங்கள். இந்தக் காலத்தில் வேறு வெட்டுக்காரனை எங்கே தேடுவது? பாலைக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போங்கள், மச்சான் நிறுத்துக்கொள்வான். வீட்டுப் பக்கம் வர வேண்டாம். நானும் வரமாட்டேன்.”

இவர் தலையசைத்தார். வேலை தப்பிவிட்டது. அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அவர் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் கூரை ஆடுகிறது. இன்றைக்கு அவருக்கு ஆறியிருக்கிறது, நாளைக்கு இன்னொருவன் இன்னொன்றை எழுதுவான்.

“மாத்தயா” என்றேன். “வீடு?”

நின்றார்.

“ஒங்க அம்மே வாயால தந்தாங்க. அது வாயோட போயிரும்னு இப்பத்தான் தெரிஞ்சது. அந்த மூலைய எழுதித் தாங்க.”

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிய வேகத்தில் வாளி உருண்டது. எங்கள் ஆட்களில் யாரும் இப்படி நேராகக் கேட்டு அவர் கண்டதில்லை. ரோஹண மாத்தயாவும் கண்டிருக்க மாட்டார். மேலே தன் வீட்டைப் பார்த்தார், கீழே எங்கள் கூரையைப் பார்த்தார்.

“ஹா” என்றார். சரி என்று.

சரி என்ற சொல்லை எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் நகரவில்லை.

“எப்ப மாத்தயா?”

“போயா கழியட்டும்.”

பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மாதத்துக்கு ஒரு போயா வருகிறது.

“எந்தப் போயா மாத்தயா?” என்று கேட்டேன்.